மூடாத சஹன்

என்னுடைய சஹனுக்கு என் புருஷன் வெள்ளைப் பெயின்ற் அடித்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. காலையிலும் இல்லை, பகலிலும் இல்லை. பொழுதுபட ஒரு தேத்தண்ணி மட்டும் ஊற்றிக் கொடுத்தேன். அதுவும் சீனி போடாமல்.

சஹன் என்றால் சும்மா ஒரு தட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுகிற அகன்ற பாத்திரம். சுற்றிவர மூன்று விரல் உயரத்துக்கு விளிம்பு. என் கல்யாணத்துக்கு உம்மா தந்த நான்கில் மூன்று, கந்தூரிக்கும் கல்யாணத்துக்கும் என்று இரவல் போனவை திரும்பி வரவில்லை. மிஞ்சியது இது ஒன்று. ஆரும் கேட்டு வந்தால் இல்லை என்று சொல்லிக் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தேன். வீட்டுக்குள்ளேயே கள்ளன் இருந்தால் ஒளித்து என்ன, ஒளிக்காமல் என்ன.

“முஸ்பிறா, இனி இது சஹன் இல்ல. குளிர் பிடிக்கிற தட்டு,” என்றார் அவர், பிரஷும் கையுமாக நின்றுகொண்டு.

“குளிர் பிடிக்குதோ இல்லையோ, உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிரிக்கி,” என்றேன். அதற்கும் சிரித்தார். அந்த மனிசன் சிரித்தால் எனக்குக் கோபம் இரண்டு மடங்காகும். பதிலுக்குக் கத்தினால் பாதியாய்க் குறையும். இருபத்திரண்டு வருடமாக இதை அவருக்கு விளங்கப்படுத்த முடியவில்லை.

ஏன் பெயின்ற் அடித்தார் என்பதைச் சொல்கிறேன். எங்கள் வீடு கல்முனைக்குடியில் கடலுக்குப் போகிற ஒழுங்கையின் கடைசி வீடு. மதிலுக்கு அங்கால் மணல், மணலுக்கு அங்கால் கடல். கடல் ஊரைத் தின்றுவிடாமல் கரை நீளத்துக்குக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். தோணிகள் கரையேற அந்தக் கல்லுக்கு நடுவில், எங்கள் மதிலுக்கு நேரே, ஒரு வாய் விட்டிருக்கிறது. பொழுதுபடப் போகிற தோணிகள் சுபஹுக்கு முன்னால் இருட்டோடு திரும்பி வரும். அங்கிருந்து பார்த்தால் ஊர் லைற் எல்லாம் ஒரே வெள்ளை. எது வாய், எது கல் என்று தெரியாது. போன மாரியில் ஒரு தோணி கல்லில் ஏறி அடி பிளந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

தோணிச் சங்கம் அந்த வாயில் மூன்று தரம் சோலர் விளக்கு நட்டது. மூன்று தரமும் பெற்றரியைக் களவெடுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் தரம் பெற்றரியோடு கம்பத்தையும் கொண்டுபோய்விட்டார்கள். சங்கத் தலைவர் அபுல் ஹஸன் காக்கா பள்ளிவாசல் வாசலில் நின்று கள்ளனைத் திட்டிக்கொண்டிருந்தபோது, என் புருஷன் றாஸிக் போய், “காக்கா, பெற்றரியே இல்லாத விளக்கு ஒண்டு நான் செஞ்சு தாறன். இராவைக்கு வானத்துல இருந்து கரண்ட் எடுக்கலாம்,” என்றாராம்.

காக்கா மேலே பார்த்தாராம். பிறகு அவரைப் பார்த்தாராம்.

என் புருஷன் பிரிட்ஜ் மெக்கானிக். ஐஸ் கொம்பனியில் இராத்திரி வேலை. அந்தக் கொம்பனி அடுத்த மாதத்தோடு மூடப்போகிறது. சங்கம் தன் சொந்தமாக ஒரு ஐஸ் அறை கட்டுகிறது, அதற்கு ஒரு மெக்கானிக் வேண்டும். காக்கா யோசித்துவிட்டு ஒரு கதை சொன்னார். “ஏழு இரா தாறன் றாஸிக். அதுல ஒரு இராவாவது விடியமட்டும் உன்ட பல்ப் எரிஞ்சாப் போதும். விளக்கும் உனக்கு, ஐஸ் அறையும் உனக்கு. ஒரு பல்பை விடியமட்டும் எரிய வெக்க ஏலாதவனை நம்பி ஐஸ் அறையை எப்பிடிக் குடுக்கிற?”

நியாயமான கதைதான். ஆனால் அதற்குள் கட்டாரில் இருந்து விசா வந்துவிட்டது.

முன்பு அவர் அங்கே எட்டு வருடம் இருந்தவர். மகள் நஸ்லியா நடக்கத் தொடங்கியதை நான் போனில் சொன்னேன், அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதையும் போனில்தான் சொன்னேன். இப்போது அவள் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் கலாசாலை விடுதியில். இவரும் போனால் அந்த வீட்டில் நானும் என் தையல் மெஷினும்தான். விசாக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு, “என்ன சொல்றா, போகவா?” என்று என்னைக் கேட்டார். போகவா என்று கேட்டால் என்ன அர்த்தம்? போக விருப்பமில்லாதவன் அதைக் கேட்பானா? எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. “போங்க. இஞ்ச உங்களை ஆரு பிடிச்சு வெச்சிரிக்கா,” என்றேன்.

அவர் கடதாசியை மடித்தார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஏஜென்சியில் பாஸ்போட் கொடுக்க வேண்டும். ஏழாவது இரவு வியாழன். பல்ப் எரிந்தால் இருப்பார், எரியாவிட்டால் போவார். என் இருபத்திரண்டு வருடக் கல்யாணம் ஒரு பச்சைப் பல்பில் தொங்கியது.

வேலை தொடங்கியது. மதிலுக்கு உள்ளே, முற்றத்து மணலில், ஒரு பிளாஸ்டிக் பீப்பாவுக்குக் கறுப்பு அடித்துத் தண்ணீர் நிரப்பிப் பாதிக்குப் புதைத்தார். பீப்பாவின் வாய்க்கு ஒரு அலுமினியத் தகடு. அதன்மேல் பழுதான, தண்ணியைக் குளிராக்குகிற மெஷின்களில் கழற்றிய தீப்பெட்டி அளவான வெள்ளைத் துண்டுகள் ஆறு. அவற்றுக்கு மேல் என் சஹன், வானத்தைப் பார்த்தபடி. அங்கிருந்து வயர் ஓடி மதிலுக்கு மேல் நட்ட கம்பத்தில் ஏறும். கம்பத்தில் டோர்ச் கண்ணாடிக்குப் பின்னால் பச்சைப் பல்ப், முகம் கடலுக்கு. வீட்டுப் பக்கம் வெளிச்சம் அடிக்காமல் முதுகுக்கு ஒரு தகரம்.

“பகல்ல வெயில் குடிச்ச தண்ணி இராவெல்லாம் சூடா இரிக்கும்,” என்று விளக்கினார். “மேல இரிக்கிற சஹன் தன்ட சூட்டை வானத்துக்கு விட்டுட்டுக் குளிரும். வெளியில நிக்கிற மோட்டர் சைக்கிள் சீற்ல விடிய விடியப் பனி பிடிக்கிதே, அது மாதிரி. கீழ சூடு, மேல குளிர், நடுவுல இந்தத் துண்டு. கரண்ட் குடுத்தாக் குளிர் தாற சாமான் இது. சூட்டையும் குளிரையும் குடுத்தாக் கரண்ட் தரும். வாங்கினதைத் திருப்பித் தாற சாமான்.”

“என்ட மூணு சஹனை வாங்கினவங்களுக்கு இந்தப் புத்தி இல்லாமப் போச்சே,” என்றேன்.

“வானம் தெரியிற மாதிரி இரிக்கணும், அதுதான் முக்கியம்,” என்றும் சொன்னார். அதை நான் காதில் வாங்கவில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டு, அந்தச் சனியனை என் விரல் நுனியாலும் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

முதல் இரவு வெள்ளிக்கிழமை. பொழுதுபட்டு மஃரிப் தொழுகை முடிந்து அவர் வயரைப் பூட்டினார். மதிலில் ஏறி எட்டிப் பார்த்து, “எரியிது முஸ்பிறா, எரியிது, வந்து பாரு,” என்றார். நான் போகவில்லை. இஷா தொழுதுவிட்டு அவர் ஐஸ் கொம்பனிக்குப் போனார். நான் பத்து மணி வரைக்கும் அபாயா ஒன்றுக்கு மணி கோத்தேன். பிறகு படுக்கப் போகுமுன் வழக்கம் போல எல்லாவற்றையும் மூடத் தொடங்கினேன்.

எங்கள் வீடுகளில் இராத்திரியில் ஒரு பாத்திரமும் திறந்து கிடக்கக் கூடாது. சோற்றுப் பானை, தண்ணீர்க் குடம், கழுவி வைத்த கோப்பைகூட. பிஸ்மி சொல்லி ஒவ்வொன்றாய் மூடுவோம். மூட ஒன்றும் கிடைக்காவிட்டால் மேலே ஒரு ஈர்க்கிலையாவது குறுக்கே வைப்போம். எனக்கு ஐந்து வயதிலிருந்து கை பழகிய வேலை. எல்லாம் மூடி முடித்துப் பின்கதவைச் சாத்தப் போனால், முற்றத்து நிலவில் என் சஹன். வாயைத் திறந்துகொண்டு, பனியில், அநாதை மாதிரிக் கிடக்கிறது.

சத்தியம் பண்ணியிருந்தேன்தான். ஆனாலும் திறந்த பாத்திரத்தைப் பார்த்துவிட்டு எப்படிப் படுக்கிறது? அவருடைய பழைய சாரன் ஒன்றை நாலாய் மடித்து, பிஸ்மி சொல்லி, சஹனை நிறைய மூடினேன். காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு பன்பாயையும் போட்டு இரண்டு செங்கல் வைத்தேன். என் சஹனுக்காகத்தான் மூடினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், அது அவருடைய ஆசை, அதில் பனி விழக்கூடாது என்றும் ஒரு நினைப்பு இருந்தது.

சுபஹுக்கு முன்னால் எழும்பி எல்லாவற்றையும் எடுத்து மடித்து வைத்தேன். நான் அதைத் தொட்டது தெரிந்தால் அந்த மனிசன் ஒரு கிழமைக்குச் சிரிப்பார்.

அவர் வந்து தேத்தண்ணி குடிக்குமுன் கரைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது முகம் சுருங்கியிருந்தது. “இராவையில அணைஞ்சிட்டாம்,” என்றார்.

இரண்டாம் நாள் வயர்களை எல்லாம் புதிதாய் ஒட்டினார். நான் பத்து மணிக்கு மூடினேன். அணைந்தது. மூன்றாம் நாள் பீப்பாவுக்குத் தண்ணீர் மாற்றினார். மூடினேன், அணைந்தது. நான்காம் நாள் வெள்ளைத் துண்டுகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி நெற்றியில் வைத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் பல்பைக் கையில் வைத்துக்கொண்டு படியில் இருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இருப்பாரே, அதே இருப்பு. அன்றிரவு இன்னும் கவனமாக, சாரனோடு என் பழைய போர்வையையும் சேர்த்து மூடினேன். பாவம், மனிசன்ட சாமான், பனியாவது படாமல் இருக்கட்டும் என்று. ஆறாம் இரவும் மூடினேன், அணைந்தது.

வியாழன் விடிய மீன் வாங்க ஒழுங்கைக்குப் போனேன். பாண்டிருப்பு அழகரெத்தினம் அண்ணன் தோணியில் வந்த மீனை எங்கள் ஒழுங்கையில் வைத்துத்தான் விற்பார்.

“தங்கச்சி, உங்கட மனிசன்ட லைற்றால எங்களுக்குள்ள சண்டை,” என்றார், சூரை மீனைத் தட்டில் போட்டுக்கொண்டு. “அது என்ன, இஷ்டத்துக்கா அணையிது? ஒவ்வொரு நாளும் சரியாப் பத்து, பத்தரை. மணிக்கூடு பாத்து வெக்கலாம். நல்லா எரிஞ்சுகொண்டு நிக்கும், பிறகு ஆரோ கம்பளியால மூடின மாதிரி மெல்ல மெல்லச் செத்துப்போகும்.”

கையில் இருந்த மீன் தட்டு கீழே விழுந்தது.

“என்ன தங்கச்சி?”

“ஒண்டுமில்ல அண்ணன், வழுக்கிட்டு,” என்றேன்.

வீட்டுக்கு வந்து குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வானம் தெரியிற மாதிரி இரிக்கணும். அவர் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது, ஏழு நாள் பிந்தி. என் புருஷனைக் கட்டாருக்கு அனுப்புவது விசாவும் இல்லை, ஏஜென்சியும் இல்லை. நான்தான். ஒவ்வொரு இரவும் பிஸ்மி சொல்லி, என் கையாலேயே, நாலாய் மடித்த சாரனால்.

சொல்லிவிட வேண்டும் என்று அறைக்குள் போனேன். அவர் பாஸ்போட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். “வேலை முடிஞ்சு வந்து நேரா ஏஜென்சிக்குப் போகத்தான்,” என்றார். சொல்ல வாயைத் திறந்தேன். “சோறு போடவா?” என்றுதான் வந்தது. என் வாய் திட்டுவதற்கு மட்டும்தான் நன்றாக ஓடும் போலிருக்கிறது.

அன்று மஃரிபுக்கு அவர் ஒன்றையும் திருத்தவில்லை. வயரைப் பூட்டினார், மதிலில் ஏறிப் பார்க்கவும் இல்லை. “எரிஞ்சா எரியட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து மணிக்குப் பானையை மூடினேன், குடத்தை மூடினேன், கோப்பைகளை மூடினேன். சஹனை மூடவில்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பின் கேற்றைத் திறந்து மணலில் இறங்கி, கடல் பக்கமாக நின்று, முதல் தரமாகத் திரும்பிப் பார்த்தேன்.

எரிந்தது. ஒரு பச்சைப் புள்ளி. நெல்மணி அளவுதான். ஆனால் எங்கள் மதிலுக்கு மேலே, வெள்ளை லைற்றுகளுக்கு நடுவில், நான் இருக்கிறேன் என்று நின்றது. பெற்றரி இல்லை, வீட்டுக் கரண்டும் இல்லை. என் சஹனும், வெயில் குடித்த தண்ணியும், மேலே அல்லாஹ்வின் வானமும்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு இரவு இதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டின மனிசனுக்கு வெங்காயம் வெட்டிக் காட்டியிருக்கிறேனே என்று அழுகையும் வந்தது.

உள்ளே போகப் பயமாக இருந்தது. படியில் வந்து இருந்து திறந்து கிடக்கிற சஹனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை நமநமவென்றது. மூடாதே முஸ்பிறா, மூடாதே என்று என்னை நானே அதட்டினேன்.

ஒரு மணி போல கச்சான் காற்று எழும்பியது. நாள் முழுக்க வயல் பக்கமாக இருந்து சுட்டுக்கொண்டு வருகிற அந்த மேல்காற்று இராத்திரியில் அடங்கிவிடும். அன்றைக்கென்று அடங்கவில்லை. தென்னோலை எல்லாம் சரசரத்தது. மணலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் நெல்மணி கடுகு ஆகிவிட்டது. கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிறது.

முற்றத்துக்கு ஓடி வந்து சஹனில் கைவைத்தேன். முந்தி ஐஸ் தண்ணீர்ச் செம்பு மாதிரி இருந்தது இப்போது வெறும் தட்டாக இருந்தது. காற்று என் சஹனின் குளிரைத் தின்கிறது என்று விளங்கியது. ஐஸ் கட்டியைக் காற்றுக்கு வைத்தால் கெதியில் கரையும் என்று அவர் எத்தனை தரம் சொல்லியிருப்பார். காற்றை மறிக்க வேண்டும் என்றால் மூட வேண்டும். மூடினால் வானம் தெரியாது. வானம் தெரியாவிட்டால் அவர் பத்து மணிக்கு ஏஜென்சியில்.

என்ன செய்கிறது என்று தெரியாமல் முற்றத்துக்கும் மணலுக்கும் நாலு தரம் ஓடினேன். ஐந்தாம் தரம் வீட்டுக்குள் ஓடினேன். அபாயா தைத்து முடித்தால் மேலே போட்டுக் கொடுக்கிற மெல்லிய பொலித்தீன் ரோல் ஒன்று தையல் மேசைக்குக் கீழே இருக்கும். ஊதினால் பறக்கிற மெலிசு, அந்தப் பக்கம் அப்படியே தெரியும். எனக்குத் தெரிகிறது என்றால் சஹனுக்கும் வானம் தெரியும்தானே? என் படிப்பு அவ்வளவுதான். ஒரு பாகம் கிழித்தேன். இலாஸ்ரிக் கட்டில் இருந்து மூன்று முழம் வெட்டினேன்.

“பிஸ்மில்லாஹ்,” என்று சொல்லி விரித்தேன். விளிம்புக்கு விளிம்பு இழுத்துப் பிடித்து இலாஸ்ரிக்கால் சுற்றிக் கட்டினேன். மூன்று விரல் உயர விளிம்பு அன்றைக்குத்தான் உதவியது, பொலித்தீன் அடித்தட்டில் படாமல் றபான் மேளத்துத் தோல் மாதிரி விறைத்து நின்றது. யா அல்லாஹ், மூடித்தான் கெடுத்தேன், மூடியே திருத்தித் தா என்று கேட்டேன்.

உடனே மணலுக்குப் போகவில்லை. நூறு வரைக்கும் எண்ணினேன். பிறகு இன்னொரு நூறு. பிறகு போனேன்.

கடுகு நெல்மணி ஆகியிருந்தது. பார்த்துக்கொண்டு நிற்கவே கச்சான் இன்னும் பலமாக அடித்தது, அது அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் நெல்மணி உளுந்து ஆயிற்று. காற்றில்லாமல் எரிந்ததைவிடப் பெரிசு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, விளங்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்த நடுச்சாமத்தில், நாற்பத்து மூன்று வயதுப் பொம்பிளை, கடற்கரை மணலில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஆரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நாலு மணிக்குக் கடலில் மெஷின் சத்தம் கேட்டது. நான் மதிலோடு ஒட்டி நின்றேன். முதல் தோணி நேரே பச்சையைப் பார்த்து வந்தது. ஒரு இடத்திலும் வேகம் குறைக்கவில்லை, டோர்ச் அடித்துத் தேடவில்லை. இரண்டு கல்லுக்கும் நடுவால் வந்து மணலில் ஏறியது. பின்னால் இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதில் அழகரெத்தினம் அண்ணன் எழும்பி நின்று விசில் அடித்தார்.

“காக்கா, இன்டைக்கு அது சாகல்ல,” என்று கரையில் நின்ற அபுல் ஹஸன் காக்காவுக்குச் சத்தம் வைத்தார்.

காக்கா தொப்பியைக் கழற்றி, பச்சையைப் பார்த்து, திரும்பப் போட்டார். “ஐஸ் அறைத் திறப்பு எங்க?” என்று பக்கத்தில் நின்றவரிடம் சாவி கேட்டது மட்டும் எனக்குக் கேட்டது.

பள்ளியில் பாங்கு சொல்லும்போது என் புருஷன் வந்தார். ஒழுங்கையால் வரவில்லை. ஆரோ போன் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும், கடற்கரையால் ஓடி வந்தார். ஐம்பதை எட்டிப் பிடிக்கிற மனிசன், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. கம்பத்துக்குக் கீழே நின்று மூச்சு வாங்கினார். பிறகு கேற்றைத் திறந்து சஹனிடம் போனார். பொலித்தீனை விரலால் தட்டிப் பார்த்தார். இலாஸ்ரிக்கைப் பார்த்தார். அப்படி ஒரு சுருக்குக் கட்டுக் கட்டுகிறவள் அந்த ஒழுங்கையில் ஒருத்திதான்.

“ஆரு மூடின?” என்றார்.

“நான்தான்.”

“எப்ப?”

“இது ராத்திரி ஒரு மணிக்கு,” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. “மத்ததையும் நான்தான் மூடின. ஆறு இராவும். சாரனால. பாயால. ஒரு நாள் போர்வையாலயும். பாத்திரம் திறந்து கிடக்கு எண்டு மூடின. எனக்குத் தெரியா.”

அவர் என்னைப் பார்த்தார். சஹனைப் பார்த்தார். பீப்பா ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினார். கோபத்தில் தலை சுற்றிவிட்டதோ என்று பயந்து கிட்டப் போனால், மனிசன் சத்தம் வராமல் சிரிக்கிறார். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது.

“ஆறு நாளா நான் அந்தத் துண்டுகளை நெத்தியில வெச்சுப் பாத்தேன்,” என்றார். “உன்ட நெத்தியிலதான் வெச்சுப் பாத்திரிக்கணும்.”

பிறகு பொலித்தீனைத் தடவித் தடவி விளக்கினார். “சூடு வானத்துக்குப் போறதுக்கு மெல்லிசுப் பொலித்தீன் குறுக்க நிக்காது, காத்தைத்தான் நிப்பாட்டும். சாரன் ரெண்டையும் நிப்பாட்டும். இப்பிடி ஒரு மூடி வேணும் எண்டு எனக்கே விளங்கல்ல முஸ்பிறா. இனிப் போடுற விளக்குக்கெல்லாம் நீதான் மூடி தைக்கணும்.” இந்த முறை நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. பல்ப் மெல்ல மெல்ல மங்கியது, அதன் வேலை முடிந்தது. அவருடைய சட்டைப் பையில் பாஸ்போட் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐஸ் அறை அவருக்குத்தான், அது எல்லோருக்கும் தெரியும். இனி நான் ஒன்றும் சொல்ல வேண்டிய தேவை இல்லை. ஆனால் ஏழு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்த சொல் அது. வெளியே வராமல் விடவில்லை.

“போகாதீங்க,” என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இதை அண்டைக்கே சொல்லியிரிக்கலாமே,” என்றார். “உன்ட சஹனுக்குப் பெயின்ற் அடிச்சிரிக்க மாட்டேன்.”

எனக்குத் திரும்பவும் உச்சியில் ஏறியது. “அண்டைக்கு ஏன் போகவா எண்டு கேட்ட நீங்க? போகல்ல எண்டு சொல்லியிரிந்தா என்ன?” என்று தொடங்கினேன். நல்ல நீளமாகத் திட்டினேன். அவர் பாஸ்போட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். நானும் திட்டிக்கொண்டே பின்னால் போனேன். குனிந்து கட்டிலுக்குக் கீழே, முந்தி என் சஹன் இருந்த இடத்தில், அதைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினார்.

“ஆரும் கேட்டு வந்தா, இல்லை எண்டு சொல்லு,” என்றார்.

சீனி மூன்று கரண்டி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டுத் தொழுது படுத்தார். பத்து மணிக்கு ஏஜென்சிக்காரன் போன் எடுத்தான். அவர் நல்ல உறக்கம். நான்தான் எடுத்தேன். இல்லை என்று சொன்னேன்.